பழைய லென்ஸ், புது கேமரா: கோளாறு கண்ணாடியிலா, வளையத்திலா?

மார்ச் 3, காலை / புதுவரவு

கையில் இரண்டு லென்ஸ். ஒன்று ஹீலியோஸ் 44-2 (58 மி.மீ., எஃப்/2). இன்னொன்று ஏதோ ஜப்பானிய 28 மி.மீ. எஃப்/2.8. இரண்டுமே எம்42 (42 மி.மீ. விட்டம்) திருகு. கேமரா சோனி ஈ மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்), ஏபிஎஸ்-சி சென்சார் (35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறியது). நடுவில் இரண்டையும் இணைக்கும் வளையமாக விலை குறைந்த அடாப்டர் ஒன்று.

ஷட்டர் விழவே மாட்டேன் என்கிறது, "லென்ஸ் இல்லை" என்று திரையில் வருகிறது. இன்னொருவர் கேமராவில் மாட்டிப் பார்த்தால் படம் விழுகிறது, ஆனால் எஃப்/2-இல் (துளை முழுதாகத் திறந்த நிலை) எல்லாம் மங்கல். எல்லோரும் சிலாகிக்கும் அந்தச் சுழல் பின்னணியும் வரவில்லை. 28-இல் கூத்து வேறு: ஃபோகஸ் வளையத்தை 7.5 மீட்டரில் வைத்தால்தான் தூரத்து மலை கூர்மை, முடிவிலிக் குறியில் வைத்தால் மங்கல். இரண்டையும் தூக்கிப் போட்டுவிடலாமா?

மார்ச் 3, மதியம் / பழங்கண்ணாடி

போடாதீர்கள். நீங்கள் சொன்னதில் ஒன்றுகூட லென்ஸின் குற்றம் இல்லை.

ஷட்டர் விஷயம் ஒரு நிமிட வேலை. மெனுவில் "லென்ஸ் இல்லாமல் ஷட்டரை இயக்கு" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதை அனுமதியுங்கள். மின்தொடர்பு இல்லாத எதை மாட்டினாலும் கேமராவுக்கு அது வெறும் ஓட்டைதான். வேறு தயாரிப்பாளர்களின் மிரர்லெஸ்களிலும் (உள்ளே ஆடி இல்லாத கேமராக்கள்) இதே வரி வேறு வேறு பெயரில் ஒளிந்திருக்கும்.

28-இன் கோளாறு அடாப்டரில். எம்42-க்கு மவுண்ட் முகத்திலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. தூரம். ஈ மவுண்டுக்கு 18 மி.மீ. அப்படியானால் அடாப்டரின் தடிமன் 27.46 இருக்க வேண்டும். மலிவு அடாப்டர்களை வேண்டுமென்றே ஒரு மயிரிழை குட்டையாகக் கடைகிறார்கள். நீளமாகிப்போனால் முடிவிலி கிடைக்காது, வாங்கியவர் திருப்பி அனுப்புவார். குட்டையாக இருந்தால் முடிவிலியைத் தாண்டிப் போகும், பெரும்பாலானோர் கவனிக்கவே மாட்டார்கள். நீங்கள் கவனித்துவிட்டீர்கள்.

மார்ச் 3, இரவு / பழங்கண்ணாடி

சொல்ல விட்டது. கேமராவை ஏ (அப்பர்ச்சர் உங்கள் கையில்) அல்லது எம் (எல்லாமே உங்கள் கையில்) முறையில் வையுங்கள். அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) லென்ஸில் திருப்பினால், ஏ முறையில் உள்ளே வரும் வெளிச்சத்தைப் பார்த்து ஷட்டர் வேகத்தைக் கேமராவே கணக்கிட்டுக்கொள்ளும். ஆனால் ஆட்டோ ஐஎஸ்ஓவின் "குறைந்தபட்ச ஷட்டர்" தானியங்கியில் இருந்தால், கேமராவுக்குக் குவியத்தூரம் தெரியாததால் தோன்றிய வேகத்தைப் பிடிக்கும். கையாலேயே கொடுத்துவிடுங்கள்: ஹீலியோஸுக்கு 1/125, 28-க்கு 1/60, 135 ஏதாவது வாங்கினால் 1/250.

உடலுக்குள்ளேயே நடுக்கத்தடுப்பு உள்ள கேமரா என்றால் குவியத்தூரம் கேட்கும் இடத்தில் 58 என்றே போடுங்கள். ஏபிஎஸ்-சி சென்சார் சிறியது என்று 1.5-ஆல் பெருக்கி 87 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் சென்சார் தேவைக்கு மேல் ஆடி, தடுக்க வேண்டிய நடுக்கத்தை அதுவே உண்டாக்கும்.

மார்ச் 4 / பழங்கண்ணாடி

ஹீலியோஸ் 44-2-இல் அப்பர்ச்சருக்கு இரண்டு வளையம். புதிதாக வாங்குபவர்கள் பாதிப் பேர் இதில்தான் குழம்புகிறார்கள். ஒன்று கிளிக் கிளிக் என்று நிற்கும். அது எல்லைக்கல், "இதற்குமேல் மூடாதே" என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. இன்னொன்று கிளிக் இல்லாமல் வழுக்கும். உண்மையில் துளையின் இதழ்களைத் திறந்து மூடுவது அதுதான்.

எல்லைக்கல்லை 5.6-இல் வையுங்கள். வழுக்கும் வளையத்தை எஃப்/2 பக்கம் முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு கண்ணை எடுக்காமல் அதே வளையத்தை எதிர்ப்பக்கம் தள்ளினால் 5.6-இல் போய் முட்டி நிற்கும். சுடுங்கள். கிளிக் வளையத்தை மட்டும் திருப்பிவிட்டு "எஃப்/8-இல்கூட மங்கல்தான்" என்பவர்களின் லென்ஸ் பெரும்பாலும் எஃப்/2-இலேயே திறந்து கிடக்கும். முன்பக்கமாக உள்ளே எட்டிப் பாருங்கள், எட்டு இதழும் தெரியவில்லையென்றால் மூடவில்லை.

மார்ச் 4, மாலை / புதுவரவு

வளையம் புரிந்தது, என் லென்ஸும் திறந்துதான் கிடந்தது. ஆனால் எஃப்/2-இல் முகம் எடுத்தால் பீக்கிங் (கூர்மையான இடத்தை நிறத்தில் காட்டும் வசதி) கண்மேல் சிவப்பாக மின்னுகிறது, கணினியில் பார்த்தால் காதுதான் கூர்மை.

மார்ச் 5 / பழங்கண்ணாடி

பீக்கிங் காட்டுவது முரண் அதிகமுள்ள விளிம்புகளை. எஃப்/2-இல் அது நம்பத்தகாத சாட்சி. ஒரு மீட்டர் தூரத்தில் 58 மி.மீ. எஃப்/2 என்றால் உங்கள் சென்சாரில் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே 2 செ.மீ. சொச்சம். பீக்கிங்கின் சிவப்பு அதைவிட அகலமாகப் பரவும்.

பெரிதாக்கிப் பார்க்கும் வசதியை ஒரு பொத்தானில் ஏற்றுங்கள், கட்டைவிரலுக்கு எட்டும் பொத்தானாக. கண் இமையைப் பெரிதாக்கி, கூர்மை வந்து போகும் புள்ளியைத் தாண்டி, திரும்பி வந்து நிறுத்துங்கள். அந்த நிலையிலேயே சுடுங்கள். பெரிதாக்கலை விட்டு வெளியே வந்து, சட்டகத்தைச் சரிசெய்து, பிறகு சுட்டால் அதற்குள் உங்கள் உடம்பே 2 செ.மீ. ஆடியிருக்கும். நின்றுகொண்டு எடுத்தால் மூன்று படம் தொடராக எடுங்கள், ஒன்றாவது தேறும்.

பீக்கிங்கை விட்டுவிடச் சொல்லவில்லை. எஃப்/5.6-க்கு மேல், இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால், அது நன்றாகவே உதவும். நிறத்தை மட்டும் மஞ்சளாக்கி, அளவைக் குறைவு என்று வையுங்கள்.

எஃப்/2-இல் சரியாக ஃபோகஸ் ஆன படத்தையே 100 விழுக்காட்டில் பார்த்தால் லேசான பால் படலம் தெரியும். கோளப்பிறழ்ச்சி (கண்ணாடியின் ஓரமும் நடுவும் ஒளியை ஒரே புள்ளியில் குவிக்காதது), இந்த வடிவமைப்பின் பிறவிக்குணம். எஃப்/2.8-இல் பாதி போய்விடும், 5.6-இல் கத்தி.

மார்ச் 6 / பழங்கண்ணாடி

சுழல் பின்னணி. ஹீலியோஸ் 44 என்பது ஜெர்மனியின் பயோட்டார் 58 மி.மீ. எஃப்/2-இன் சோவியத் வடிவம், நான்கு குழுக்களில் ஆறு கண்ணாடி. படத்தின் ஓரத்துக்குப் போகப்போக வட்ட ஒளிப்புள்ளிகள் பூனைக்கண் போல நசுங்கி, மையத்தைச் சுற்றி வரிசை கட்டும். அதைத்தான் சுழல் என்கிறோம். மையத்தில் அது கிடையவே கிடையாது.

உங்கள் சென்சார் அந்த ஓரத்தைத்தான் வெட்டி எறிகிறது. அதனால்தான் வரவில்லை. கொஞ்சமாவது வேண்டுமென்றால்: முழுதாகத் திறந்த எஃப்/2, ஆள் ஒன்றரை முதல் இரண்டு மீட்டரில், பின்னால் ஏழெட்டு மீட்டர் தள்ளி இலை இடுக்கில் வானம் ஒழுகும் மரம். வெறும் சுவர் முன்னால் சுழலாது, சுழல்வதற்கு அங்கே புள்ளி வேண்டுமே!

குவியச் சுருக்கி அடாப்டர் (0.71 மடங்கு) போட்டால் ஓரமும் திரும்பி வரும், ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) வெளிச்சமும் கூடும். 58 எஃப்/2 ஏறக்குறைய 41 எஃப்/1.4 ஆகிவிடும். ஆனால் அதில் கண்ணாடி இருப்பதால் மலிவாக வாங்கினால் மூலைகள் குழம்பும். சுழலுக்காகவே வாங்குகிறவருக்கு அது பாதகமில்லை. வேறெதற்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மார்ச் 7 / பழங்கண்ணாடி

28-ஐ வைத்து எடுப்பதுதான் இந்த விளையாட்டிலேயே ஆனந்தமானது, அதுவும் ஃபோகஸே செய்யாமல். எஃப்/8-இல் வையுங்கள். லென்ஸ் மேல் அப்பர்ச்சர் எண்கள் இருபுறமும் ஜோடியாகப் பொறித்த காட்சி ஆழக் கோடுகள் இருக்கும். முடிவிலிக் குறியை ஒருபக்க 8-இன் மேல் நிறுத்தினால் மறுபக்க 8 காட்டும் தூரத்திலிருந்து கண்ணுக்கெட்டிய வரை கூர்மை. அப்புறம் வளையத்தைத் தொடவே வேண்டாம்.

மார்ச் 7, இரவு / கண்ணாடிப்பெட்டி

தலைவரே, அந்தக் கோடுகள் 35 மி.மீ. ஃபிலிமுக்குப் போட்டவை. அவர் வைத்திருப்பது ஏபிஎஸ்-சி.

ஃபிலிம் கணக்கில் 28, எஃப்/8-க்கு 3.3 மீட்டரில் வைத்தால் முடிவிலி வரை வரும். சின்ன சென்சாரில் அதே படத்தை இன்னும் பெரிதாக்கித்தான் பார்க்கிறோம், ஆகவே மங்கலுக்கான வரம்பு (ஒரு புள்ளி எவ்வளவு பரவினாலும் கூர்மையாகத் தெரியும் என்ற அளவு) 0.03-லிருந்து 0.02 மி.மீ. ஆகச் சுருங்கும். அந்த வரம்பில் 3.3 மீட்டரில் வைத்தால் 10 மீட்டரோடு கூர்மை முடிந்துவிடும். 5 மீட்டரில் வைக்க வேண்டும், அப்போதுதான் 2.5 மீட்டர் முதல் முடிவிலி வரை.

மார்ச் 8 / பழங்கண்ணாடி

ஒப்புக்கொள்கிறேன். ஏபிஎஸ்-சியில் கோடுகளை ஒரு ஸ்டாப் தள்ளி வாசிக்க வேண்டும்: எஃப்/8-இல் எடுக்கிறீர்கள் என்றால் 5.6 கோடு. இன்னும் சிறிய சென்சாரான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் இரண்டு ஸ்டாப்.

இதைவிடப் பெரிய தப்பும் நான் எழுதியதில் இருக்கிறது, அதைக் கண்ணாடிப்பெட்டியும் பிடிக்கவில்லை. குட்டை அடாப்டரில் தூர அளவே பொய் என்று 3-ஆம் தேதி நானே எழுதினேன். நான்கு நாள் கழித்து அதே அளவை நம்பி வைக்கச் சொல்கிறேன். அழகு.

லென்ஸ் முடிவிலியிலிருந்து ஒரு தூரத்துக்கு ஃபோகஸ் ஆக முன்னால் நகரும் அளவு, ஏறக்குறைய குவியத்தூரத்தின் வர்க்கத்தைத் தூரத்தால் வகுத்தது. 28-இன் வர்க்கம் 784. மலைக்கு 7.5 மீட்டர் காட்டுகிறது என்றார் புதுவரவு. 784-ஐ 7500-ஆல் வகுத்தால் 0.105. ஆக அடாப்டர் 0.1 மி.மீ. குட்டை. இந்த நிலையில் அளவில் 5 மீட்டர் வைத்தால் லென்ஸ் உண்மையில் பார்ப்பது 13 மீட்டருக்கும் மேல். கிட்ட எல்லை 2.5-லிருந்து 3.6 மீட்டருக்கு ஓடிவிடும், இரண்டரை மீட்டரில் நிற்கும் ஆள் மங்கல்.

அதே 0.1 மி.மீ. 58-ஐ இவ்வளவு படுத்தாது: 3364-ஐ 0.1-ஆல் வகுத்தால் 33 மீட்டர், முடிவிலிக் குறிக்குச் சற்று முன்னால். 135-க்கு 180 மீட்டர், தெரியவே தெரியாது. அகலக் கோணத்தில்தான் வளையத்தின் குட்டு வெளிப்படும்.

மார்ச் 9 / புதுவரவு

சரி, 0.1 மி.மீ.க்கு என்ன வைப்பது? காகிதம்?

மார்ச் 9, மாலை / பழங்கண்ணாடி

முதலில் குற்றவாளி அடாப்டர்தானா என்று உறுதிசெய்யுங்கள். யாராவது திறந்து மூடிய லென்ஸிலும் முடிவிலி நிறுத்தம் தள்ளிப்போயிருக்கும். அதே அடாப்டரில் ஹீலியோஸை மாட்டி, இருநூறு மீட்டருக்கு அப்பால் உள்ள கோபுரம், கம்பம் ஏதாவது ஒன்றை எஃப்/2-இல் பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள். குறிக்குச் சற்று முன்னால் நின்றால் அடாப்டர் குட்டை. சரியாகக் குறியிலேயே நின்றால் 28-தான் தள்ளியிருக்கிறது.

அடாப்டர்தான் என்றால் அதன் பின்பக்கம் பயனெட் (கேமராவில் திருப்பிப் பூட்டும்) வளையத்தைப் பிடித்திருக்கும் நான்கு அல்லது ஆறு திருகைக் கழற்றுங்கள். இரண்டு துண்டாக வரும். நடுவில் வைக்க வேண்டியது 0.1 மி.மீ. தகடு. 80 கிராம் காகிதம் ஏறக்குறைய 0.1 மி.மீ.தான், சோதனைக்கு அதை வைத்துப் பார்க்கலாம். நிரந்தரமாக வைக்காதீர்கள். திருகு இறுகும் இடத்தில் நசுங்கும், ஈரம் பட்டால் உப்பும். சோதனை சரியாக வந்த பிறகு பித்தளைத் தகடு, 0.1 மி.மீ. முழு வளையமாக வெட்டக் கை வராவிட்டால் ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில் ஒரே அளவுத் துண்டு, ஆனால் எல்லாத் திருகுக்கும். ஒன்றை விட்டால் லென்ஸ் சாய்ந்து உட்காரும், படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். அந்தப் பழியும் லென்ஸ் தலையில்தான் விழும்.

மார்ச் 10 / கண்ணாடிப்பெட்டி

மிரர்லெஸ் இல்லாதவர்களுக்கு இரண்டு வரி. கேனான் ஈஎஃப் மவுண்டின் தூரம் 44 மி.மீ., எம்42 நன்றாகப் பொருந்தும், 1.46 மி.மீ. தட்டை வளையம் போதும். ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) உடலில் மட்டும், பின்கண்ணாடி துருத்தும் லென்ஸ்கள் முடிவிலியில் கேமராவின் ஆடியில் இடிக்கும், முதல் தடவை மெதுவாகப் பாருங்கள். பென்டாக்ஸ் கே மவுண்டுக்கும் எம்42-க்கும் தூரம் ஒன்றேதான், வளையம் மவுண்டுக்குள்ளேயே அமிழ்ந்துவிடும்.

நிக்கான் எஃப் மவுண்டின் தூரம் 46.5 மி.மீ. அங்கே மைனஸ் 1.04 மி.மீ. தடிமனில் அடாப்டர் செய்ய வேண்டும்! கண்ணாடி இல்லாத வளையம் போட்டால் ஹீலியோஸ் 3.2 மீட்டருக்கு அப்பால் எதையும் பார்க்காது. 28 முக்கால் மீட்டரோடு சரி. நிக்கான்காரர்கள் பழைய நிக்கார்களை (நிக்கானின் சொந்த லென்ஸ்களை) தேடுவதே உத்தமம், 1977-க்குப் பிந்திய ஏஐ வகை நேரடியாக மாட்டும்.

மார்ச் 10, இரவு / பழங்கண்ணாடி

மைனஸ் தடிமன்! நல்ல வேளை, யாரும் விற்கவில்லை.

திருகு மவுண்டில் இன்னும் இரண்டு பொறி. டி-மவுண்டும் 42 மி.மீ. விட்டம்தான், ஆனால் மரை இடைவெளி 0.75 மி.மீ.; எம்42-க்கு 1 மி.மீ. ஒரு சுற்றுப் போகும், அப்புறம் பிடிக்கும். அங்கேயே நிறுத்துங்கள், வலுக்கட்டாயம் செய்தால் இரண்டு மரையும் போகும். அடுத்தது 39 மி.மீ. சோவியத் லென்ஸ்கள். பழைய ஜெனிட் எஸ்எல்ஆருக்கு (ஆடி வழியாகப் பார்க்கும் கேமரா) வந்தவற்றின் தூரம் 45.2 மி.மீ., ரேஞ்ச்ஃபைண்டருக்கு (ஆடி இல்லாமல் தனிச் சாளரம் வழியாகப் பார்க்கும் கேமரா) வந்தவற்றின் தூரம் 28.8. திருகு கிட்டத்தட்ட ஒன்று, ஆள் வேறு. ஜூப்பிட்டர்-12 போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் அகலக் கோணங்களின் பின்கண்ணாடி உள்ளே நீண்டிருக்கும், சில கேமராக்களில் ஷட்டர் பக்கம் போய் முட்டும்.

மார்ச் 11 / புதுவரவு

28-இல் அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்பினாலும் இதழ் அசைவதில்லை. எப்போதும் திறந்தே இருக்கிறது.

மார்ச் 11 / பழங்கண்ணாடி

லென்ஸின் பக்கவாட்டில் ஏ-எம் (தானியங்கி-கையால்) என்று சின்ன விசை இருக்கிறதா? எம்-க்குத் தள்ளுங்கள். விசை இல்லாத லென்ஸ்களும் உண்டு, ஹீலியோஸ் 44எம்-4 அப்படித்தான். அவற்றுக்குப் பின்னால் உள்ள, இதழை மூடவைக்கும் ஊசியை அழுத்திப் பிடிக்கும் உள்விளிம்பு கொண்ட அடாப்டர் வேண்டும். கேனான் எஃப்டிக்கு அடாப்டரிலேயே திறக்கும்-பூட்டும் வளையம் உண்டு, அது சரியான பக்கம் இல்லையென்றால் லென்ஸில் எதைத் திருப்பினாலும் பயனில்லை.

மார்ச் 13 / பழங்கண்ணாடி

அடுத்த லென்ஸ் வாங்கப் போகிறார் என்று வாசனை அடிக்கிறது. அதனால் இது.

அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து சாய்வாக டார்ச் அடித்து, முன்பக்கமாகப் பாருங்கள். தூசி தெரியும், எல்லா லென்ஸிலும் தெரியும், மறந்துவிடுங்கள். முன்கண்ணாடியில் ஓரிரு கீறல் படத்தில் தெரியாது. பின்கண்ணாடிக் கீறல் தெரியும். சிலந்தி வலை போல் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. கண்ணாடி முழுக்க மூச்சுவிட்டது போல் மங்கலாக இருந்தால் மூட்டம், வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் கறுப்பெல்லாம் சாம்பலாகும். ஓரத்திலுள்ள ஒரு இழைப் பூஞ்சையைவிட மூட்டம் மோசம். திருகுத் தலைகள் தேய்ந்திருந்தால் ஏற்கெனவே யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

இதழில் எண்ணெய்: மிரர்லெஸ்ஸில் கவலைப்பட வேண்டாம். எஸ்எல்ஆரில் படம் எடுக்கும் கணத்தில் இதழ் சடாரென்று மூட வேண்டும், எண்ணெய் இருந்தால் தாமதிக்கும். நாம் முன்கூட்டியே மூடிவிட்டுத்தான் எடுக்கிறோம்.

மார்ச் 13, இரவு / பழங்கண்ணாடி

"கவலைப்பட வேண்டாம்" என்றது அவசரம். அந்த எண்ணெய் ஆவியாகிப் பக்கத்துக் கண்ணாடியில் படியும், அதுதான் நாளடைவில் மூட்டமாகிறது. இன்றைக்குப் படம் கெடாது. ஆனால் விலை பேச அது நியாயமான காரணம்.

மஞ்சள் கண்ணாடி: பென்டாக்ஸின் சூப்பர் டாக்குமார் 50 எஃப்/1.4-இன் ஏழு கண்ணாடி வடிவம் போன்றவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, வயதானால் தேநீர் நிறமாகும். யூவி எல்இடி விளக்கின் கீழ் சில நாள் வைத்தால் தெளியும். வெயிலிலும் தெளியும், நாள் கூடுதலாகப் பிடிக்கும். வெயிலில் வைப்பவர்கள் ஒரு பக்கம் அலுமினியத் தாளால் மூடாமல் வைக்காதீர்கள். அது பூதக்கண்ணாடி, மேசைத்துணி பற்றிக்கொள்ளும்.

மார்ச் 14 / கண்ணாடிப்பெட்டி

வெளிச்சத்துக்கு எதிரே கறுப்பு சாம்பலானால் மூட்டம் என்றீர்கள். அடாப்டரின் உள்சுவர் பளபளத்தாலும் அதேதான் ஆகும். லென்ஸைக் கழற்றிவிட்டு, அடாப்டரை மட்டும் ஜன்னல் பக்கம் நீட்டிச் சாய்வாக உள்ளே பாருங்கள். வெள்ளி வளையம் போல் மின்னினால் கறுப்பு வெல்வெட் ஒட்டுத்தாளை நாடாவாக வெட்டி உள்ளே ஒட்டுங்கள். ஊசியை அழுத்தும் விளிம்பில் மட்டும் படக்கூடாது.

மார்ச் 14 / பழங்கண்ணாடி

ஆமாம், இதுவும் வளையம்தான். கண்ணாடி மேலுள்ள பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு ஒற்றை அடுக்காக உள்ள காலத்து லென்ஸ் என்றால் ஒளிமறைப்பும் போட்டுவிடுங்கள். பென்டாக்ஸ் பல அடுக்குப் பூச்சோடு டாக்குமார் கொண்டுவந்தது 1971-இல், அதற்கு முந்தியவை பக்கவாட்டு வெயிலுக்குக் கண் கூசும். 44-2-க்கு 49 மி.மீ. மரை. ரப்பர் மறைப்பு போதும்.

மார்ச் 16 / புதுவரவு

அடுத்தது லென்ஸ் இல்லை, பூச்சி எடுக்க எம்42 நீட்டிப்பு வளையம். மூன்று துண்டு: 7, 14, 28.

மார்ச் 16 / பழங்கண்ணாடி

மூன்றும் சேர்ந்தால் 49 மி.மீ. வளைய நீளத்தைக் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம்: 58-இல் 0.84 மடங்கு, லென்ஸின் சொந்த நகர்வும் சேர்ந்தால் ஒன்றுக்கு ஒன்றை எட்டிவிடும். அங்கே இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பாதீர்கள், கேமராவோடு முன்னும் பின்னும் சாயுங்கள். 28 மி.மீ. லென்ஸில் மூன்றையும் போட்டால் பூச்சி கண்ணாடிக்குள்ளேயே வந்து உட்கார வேண்டியிருக்கும்.

மார்ச் 19 / புதுவரவு

கோபுரச் சோதனையில் ஹீலியோஸ் குறிக்கு முன்னால்தான் நின்றது. 0.1 பித்தளை வைத்தேன். 28 இப்போது முடிவிலிக் குறியில் மலை, 5 மீட்டர் வைத்து எஃப்/8-இல் இரண்டரை மீட்டர் ஆளும் கூர்மை, பின்னால் மரமும் கூர்மை. ஒரே ஒரு குறை: லென்ஸை முழுதாகத் திருகினால் நடுக்கோடு மேலே வராமல் எட்டு மணி முள் பக்கம் நிற்கிறது, அளவைப் பார்க்கக் கேமராவைக் கவிழ்க்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 19, இரவு / பழங்கண்ணாடி

அடாப்டரின் பக்கவாட்டில் தலையில்லாத சின்னத் திருகு மூன்று இருக்கும். அவற்றைத் தளர்த்தினால் மரை உள்ள உள்வளையம் தனியாகச் சுழலும். லென்ஸை மாட்டியபடியே கோட்டை மேலே கொண்டுவந்து, உள்வளையம் அடிவரை உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முதலில் முழுதாக முறுக்கினால் வளையம் ஒருபக்கம் தூக்கிக்கொள்ளும், நீங்கள் வைத்த 0.1 மறுபடியும் கோணலாகிவிடும்.

அது ஒரு வளையத்தின் கதை. ஹீலியோஸை மாட்டும்போது அதன் கோடு வேறு இடத்தில் நிற்கும், ஒவ்வொரு லென்ஸுக்கும் மரை தொடங்கும் இடம் வேறு. 28-க்கே சரிசெய்து விட்டுவிடுங்கள். அளவைப் பார்த்து எடுப்பது அதில் மட்டும்தானே.

மார்ச் 20 / புதுவரவு

எட்டிலிருந்து பன்னிரண்டுக்கு வந்துவிட்டது. ஹீலியோஸ் இப்போது நாலு மணி.